கூரை மடங்கும் வீடு

கலிஃபோர்னியத் தலைநகர் சாக்ரமெண்டோவுக்கு வடமேற்கே முப்பது கிலோமீட்டர் போனால் உட்லண்ட் வரும். சுற்றிலும் தக்காளி வயல்கள். அங்கே ஒரு தொழிற்சாலையில் அலுமினியக் குழாய்களைப் பற்றவைத்துப் பெட்டிகள் செய்கிறார்கள். பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் இறக்கிப் பூட்டிக்கொள்ளும் கேம்ப்பர் பெட்டிகள் அவை. பெட்டியின் முன்பகுதி ஓட்டுநர் அறையின் தலைக்குமேல் நீண்டிருக்கும், படுக்கை அங்கேதான். வண்டி ஓடும்போது கூரை தாழ்ந்து கிடக்கும். நிறுத்தியபின் உள்ளே போய், முன்னும் பின்னும் கீல் போட்டு மடித்திருக்கும் பலகைகளை மேலே உந்தினால் கூரை எழும். மடிந்து கிடந்த துணிச்சுவர் விறைத்து நிற்கும். அதற்குப் பிறகுதான் உள்ளே நிமிர்ந்து நிற்கமுடியும். நிறுவனத்தின் பெயர் ஃபோர் வீல் கேம்ப்பர்ஸ். 1972இல் கொலராடோவில் தொடங்கியது. அடுப்பு, குளிர்பெட்டி, தொட்டி எல்லாம் பொருத்தி முழு வீடாகவும் தருவார்கள். தரை, சுவர், கூரை, படுக்கைப் பலகை மட்டும் கொண்ட வெறுங்கூடாகவும் தருவார்கள். வெறுங்கூடு விலை குறைவு, எடையும் குறைவு. மற்றதை வாங்கியவரே கட்டிக்கொள்ள வேண்டும்.

இந்த அத்தியாயம் அந்த வெறுங்கூட்டுக்குள் நடக்கும் தச்சுவேலையைப் பற்றியது. சொந்தக் கையால் கேம்ப்பரை நிரப்பும் பழக்கம் அமெரிக்க மேற்கில் வேரூன்றிப் பல பத்தாண்டுகள் ஆகின்றன. நெவாடாவின் பாலை, யூட்டாவின் செம்பாறை நிலம், கொலராடோவின் மூவாயிரம் மீட்டர் கணவாய்கள் என்று தார்ச்சாலை முடிந்த இடத்துக்கு அப்பாலும் போய் இரவு தங்குவதற்கான வண்டி இது. அதனால்தான் கூரை மடங்குகிறது. அறுபது சென்டிமீட்டர் உயரம், இரண்டு மீட்டர் அகலம் கொண்ட ஒரு தட்டையான முகப்பை மணிக்கு 100 கி.மீ. வேகத்தில் காற்றுக்குள் தள்ளிக்கொண்டு போக ஏறத்தாழ இருபது குதிரைத்திறன் செலவாகும். வேகம் இரட்டித்தால் எதிர்ப்பு நான்கு மடங்கு, திறன் எட்டு மடங்கு. கூரையைத் தாழ்த்தினால் இந்தச் செலவு பெருமளவு மிச்சம். மரக்கிளையும் இடிக்காது, பக்கக்காற்றில் வண்டியும் தள்ளாடாது.

வீட்டு அலமாரிகள் செய்து கைபழகிய ஆசாரி ஒருவரை இந்தக் கூட்டுக்குள் விட்டால் அவருடைய அனுபவமே அவருக்கு எதிராகத் திரும்பும். அவர் கற்றது முழுக்க நிற்கிற வீட்டின் தொழில். அங்கே பலகை தடித்தால் உறுதி, மூலைகளை இறுக்கினால் உறுதி, இடுக்குகளை அடைத்தால் கதகதப்பு. ஓடுகிற வீட்டில் இந்த மூன்று நம்பிக்கைகளும் ஒவ்வொன்றாகக் கவிழ்கின்றன.

எடையிலிருந்து தொடங்க வேண்டும். அமெரிக்காவில் விற்கும் ஒவ்வொரு பிக்கப்பிலும் ஓட்டுநர் கதவைத் திறந்தால், கதவு நிலையில் மஞ்சள் பட்டை போட்ட ஓர் ஒட்டுத்தாள் இருக்கும். வண்டியில் ஏறும் ஆட்கள், சரக்கு இரண்டும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக்கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். நடுத்தர அளவுள்ள பிக்கப்பில் இது 500 கிலோவை ஒட்டி இருக்கும். அடுத்த பெரிய வகையில் 700, 800 என்று போகும். இப்போது கணக்குப் போடுவோம். 750 கிலோ தாங்கும் வண்டி. கூடு 400 கிலோ. இரண்டு பேர், 150. மீதி 200. எழுபத்தைந்து லிட்டர் தண்ணீர்த் தொட்டி நிரம்பினால் 75 கிலோ போயிற்று. கேஸ் சிலிண்டர் நிரம்பிய நிலையில் 17. குளிர்பெட்டி 20. பேட்டரியும் ஒயர்களும் 20. துணி, மெத்தை, சட்டிபானை, சாப்பாட்டுச் சாமான் எவ்வளவு சுருக்கினாலும் நாற்பதுக்குக் குறையாது. ஆக, மரவேலைக்கு எஞ்சுவது முப்பது கிலோவுக்கும் கீழே.

முப்பது கிலோ என்றால் எவ்வளவு மரம்? எட்டடிக்கு நாலடி, 12 மி.மீ. பிர்ச் பிளைவுட் ஒரு தாளின் எடை ஏறத்தாழ 24 கிலோ. ஒன்றேகால் தாள்! அதில் இருக்கை, மேடை, அலமாரி அத்தனையும் வரவேண்டும். ஒகூமே என்ற ஆப்பிரிக்க மரத்தின் பிளைவுட் படகு கட்டுபவர்களுக்குப் பிடித்தமானது. அது அதே அளவில் கணிசமாக எடை குறையும். ஆனால் மரத்தை மாற்றுவதைவிடப் பெரிய லாபம் தடிமனைக் குறைப்பதில் இருக்கிறது. அங்கே ஒரு தடை குறுக்கிடும். பலகையின் வளையாத தன்மை தடிமனின் கனத்துக்கு, அதாவது மும்மடிக்கு, ஏற்ப மாறுகிறது. பன்னிரண்டை ஆறாக்கினால் எடை பாதியாகும், விறைப்போ எட்டில் ஒரு பங்காகிவிடும்.

இந்தத் தடையைத் தாண்டும் வழியும் அதே விதிக்குள்தான் இருக்கிறது. விறைப்பு எவ்வளவு மரம் என்பதைவிட, அந்த மரம் வளைவின் நடுக்கோட்டிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதைப் பொறுத்தது. ஆறு மி.மீ. பலகையின் விளிம்பில் மூன்று சென்டிமீட்டர் அகலப் பட்டை ஒன்றைச் செங்குத்தாக ஒட்டினால் அந்த விளிம்பு அதைவிட மிகத் தடித்த பலகைக்கு இணையாக விறைக்கும். கூடுகிற எடை கையளவு. விமான இறக்கைக்குள்ளும் தேன்கூட்டுப் பலகைக்குள்ளும் இருப்பது இதே உத்தி. அலமாரியின் முதுகுப்பலகையை எடுத்துவிடலாம், கூட்டின் சுவரே முதுகாகட்டும். கதவுகளை எடுத்துவிடலாம், துணித்திரை போதும். என்னைக் கேட்டால் கேம்ப்பரில் மிக அழகான கதவு திரைச்சீலைதான். கீல் இல்லை, தாழ்ப்பாள் இல்லை, ஓடும்போது சத்தமில்லை. தேக்குச் சட்டமும் பீங்கான் தொட்டியும் வைத்த கேம்ப்பர் படங்களைப் பார்க்கும்போதெல்லாம் அந்த வண்டியின் பின்பக்க ஸ்பிரிங்தான் என் நினைவுக்கு வரும்.

எடை எவ்வளவு என்பதோடு எங்கே என்பதும் உண்டு. பின் அச்சுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோவை வைப்பதாகக் கொள்வோம். முன்பின் அச்சுகளுக்கு இடையே 3.6 மீட்டர். நெம்புகோல் கணக்குப்படி பின்சக்கரங்கள் சுமப்பது 128 கிலோ. முன்சக்கரங்களின் பாரம் 28 கிலோ குறைகிறது. திசை திருப்புவதும், பிரேக்கின் பெரும்பங்கு வேலையும் முன்சக்கரங்களுடையவை. அவற்றின் பிடிமானத்தைக் குறைப்பது நல்லதல்ல. ஆகவே தண்ணீர்த் தொட்டி, பேட்டரி ஆகிய கனங்கள் தரையோடு தரையாக, முன்சுவரை ஒட்டி, பின் அச்சுக்கு முன்னால் போகவேண்டும். இது முடிவான பிறகுதான் இருக்கை எங்கே, அடுப்பு எங்கே என்ற பேச்சு. வீட்டு வரைபடம் போடுபவர் சன்னலிலிருந்து தொடங்குவார். கேம்ப்பரின் வரைபடம் தண்ணீர்த் தொட்டியிலிருந்து தொடங்குகிறது.

கூரைமேல் ஏறும் ஒவ்வொரு கிலோவுக்கும் தனி வரி உண்டு, ஏனென்றால் அதை உந்தித் தூக்குவது மனிதக் கை. சூரியத் தகடுகள், சாமான் தட்டு என்று ஏற்றியபின் வாயு உருளைகளை உதவிக்குப் பொருத்துகிறார்கள். அவற்றுக்குள் அடைபட்ட நைட்ரஜன் குளிரில் அழுத்தம் இழக்கும். இருபது டிகிரி செல்சியஸிலிருந்து மைனஸ் பத்துக்கு இறங்கினால் தூக்குவிசை பத்து சதவீதம் குறைகிறது. கூரை கனக்கிற காலை நேரம்தான் கை விறைத்திருக்கும் நேரமும்.

அடுத்தது உலுக்கல். கலிஃபோர்னியாவின் டெத் வேலி தேசியப் பூங்காவில் உபஹீபி எரிமலைப் பள்ளத்திலிருந்து ரேஸ்டிராக் என்ற வறண்ட ஏரிப்படுகைக்கு 43 கி.மீ. மண்பாதை போகிறது. கற்கள் தாமே ஊர்ந்து தடம் பதிக்கும் இடமென்று பெயர்பெற்ற ஏரி அது. மெல்லிய பனித்தகடுகள் காற்றில் நகரும்போது கற்களையும் தள்ளிச் செல்கின்றன என்று 2014இல் புதிர் அவிழ்ந்தது. அங்கே போகிறவர்களுக்கு ஊரும் கற்களைவிட ஊருக்குத் திரும்பியும் மறக்காதது அந்தப் பாதைதான். பாதை நெடுகக் குறுக்கே வரிவரியாக மேடு பள்ளம். சலவைப்பலகைப் பாதை என்பார்கள்.

இந்த வரிகள் எப்படி உண்டாகின்றன என்பதை நிக்கோலா தாபர்லே, ஸ்டீஃபன் மோரிஸ், ஜிம் மெக்எல்வெய்ன் என்ற மூன்று இயற்பியலாளர்கள் 2007இல் காட்டினார்கள். சுழலும் மணல்மேடையின்மீது சக்கரம் ஒன்றை உருளவிட்டார்கள். மெதுவாகச் சுற்றும்வரை மணல் சமமாகவே இருந்தது. வேகம் ஓர் எல்லையைத் தாண்டியதும் வரிகள் தோன்றின. சக்கரத்துக்கு ஸ்பிரிங் இல்லை, ஆனாலும் தோன்றின. வேகமாக உருளும் சக்கரம் ஒரு சிறு மேட்டில் ஏறித் தாவுகிறது, தாவி விழும் இடத்தில் பள்ளம் பறிக்கிறது, பள்ளத்தின் மண் அடுத்த மேடாகிறது. மண்பாதையில் வண்டிகள் ஓடும் வரை இதற்கு விடிவில்லை.

இரண்டு மேடுகளுக்கு இடையே 60 செ.மீ. என்று வைத்தால், 43 கிலோமீட்டரில் எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட அடிகள். மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் நொடிக்குப் பதினெட்டு. வீட்டில் ஓர் அலமாரி தன் ஆயுளில் சந்திக்காத உலுக்கலை இந்தக் கூடு ஒரு முற்பகலில் வாங்கிக்கொள்கிறது.

போல்ட்டுகள் கழல்வதற்கும் இப்படியொரு ஆய்வுக் கதை இருக்கிறது. போல்ட்டின் நெடுக்கில் இழுத்து விடுவதைவிட, குறுக்குவாட்டில் அசைப்பதுதான் அதை வேகமாகக் கழற்றும் என்று ஜெர்மன் பொறியாளர் கெர்ஹார்ட் யுங்கர் 1969இல் நிறுவினார். இறுகப் பிடித்த இரு பரப்புகள் குறுக்கே துளி வழுக்கினாலும், மரைகளுக்கு இடையேயான உராய்வு அந்தக் கணத்தில் கைவிடுகிறது. போல்ட் தன் இழுவிசையாலேயே பின்னோக்கிச் சுழல்கிறது. ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதும் என்ற பட்டறை நம்பிக்கையை அவர் வடிவமைத்த சோதனைப் பொறி வெகுவாக ஆட்டம்காணச் செய்தது. நைலான் வளையம் பதித்த நட்டு, மரைப்பசை, இவற்றுக்கெல்லாம் மேலாகப் பரப்புகள் வழுக்காதபடி போதிய இறுக்கம் ஆகியவைதான் நிற்கும்.

ஆனால் எல்லாவற்றையும் எல்லாவற்றோடும் இறுக்கிவிடுவதும் ஆபத்து. பிக்கப்பின் சட்டம் பாறைமேல் ஒரு சக்கரம் ஏறினால் முறுக்கிக்கொள்ளும். அதற்கென்றே அதை அப்படிச் செய்திருக்கிறார்கள். மேலிருக்கும் கூடும் கொஞ்சம் முறுக்கும். பற்றவைத்த அலுமினியச் சட்டம் அந்த முறுக்கலைத் தாங்கும். இடச்சுவர், வலச்சுவர், தரை மூன்றையும் சேர்த்துப் பிடிக்கும்படி ஒரு விறைத்த அலமாரியைக் கட்டினால், முறுக்கு முழுவதும் அந்த அலமாரியின் மூலைகளில் போய்க் குவியும். ஸ்க்ரூ பிளைவுட்டைக் கிழித்துக்கொண்டு வெளியே வரும், அல்லது அலுமினியத்தின் பற்றவைப்பில் கீறல் விழும். பாரத்தைத் தரை சுமக்கட்டும். சுவரோடு ஓரிரு இடங்களில் மட்டும், ரப்பர்த்தன்மையுள்ள பாலியூரித்தேன் பசையின் இடைமெத்தையோடு, பிடித்துக்கொண்டால் போதும். பிளைவுட்டின் விளிம்பில் ஸ்க்ரூ ஏற்றுவதைத் தவிர்ப்பது நல்லது. அங்கே அது அடுக்குகளின் இடைவெளியில் புகுந்து பிளக்கத்தான் பார்க்கும். ஊடுருவிப் போகும் போல்ட்டும் மறுபக்கம் அகலமான வாஷரும் அழகாக இராது, ஆனால் பிடிப்பு விடாது.

ஒரு பொருளுக்கு மட்டும் எந்தத் தளர்வும் கூடாது: பேட்டரி. மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் போகும் வண்டி எழுபது சென்டிமீட்டர் நசுங்கலில் நின்றுபோனால், உள்ளே இருக்கும் பொருள்கள் புவியீர்ப்பின் பதினான்கு மடங்கு வேகக்குறைப்பைச் சந்திக்கின்றன. பன்னிரண்டு கிலோ பேட்டரியைப் பிடித்திருக்கும் பட்டை 165 கிலோவுக்கு மேல் தாங்கியாக வேண்டும். அதன் நேர்முன்னால் இருப்பது ஓட்டுநரின் முதுகு.

இனி நீர். மழையைச் சொல்லவில்லை, அதைக் கூரைத்தகடு பார்த்துக்கொள்ளும். உள்ளே தூங்குகிறவர்கள் உண்டாக்கும் நீர்தான் இந்தக் கூட்டின் தீராத பிரச்சினை.

தூங்கும் ஒரு மனிதர் மூச்சு வழியாகவும் தோல் வழியாகவும் மணிக்கு 30 கிராம் அளவில் நீராவியை வெளியேற்றுகிறார். இரண்டு பேர், எட்டு மணி நேரம்: அரை லிட்டர். கூரை எழுந்த கூட்டின் உட்கொள்ளளவு பத்துக் கன மீட்டர் என்று கொள்வோம். 15 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சமாக 13 கிராம் நீராவியைத்தான் ஏந்தும். மொத்தக் கூட்டுக்கும் 130 கிராம். காற்று காய்ந்தே இருந்திருந்தாலும் நள்ளிரவுக்குள் நிரம்பிவிடும். எஞ்சியது எங்கே போகும்? குளிர்ந்த பரப்பு எதுவோ அங்கே. ஐஸ் தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வியர்ப்பதுபோல, கூட்டின் உட்பக்கம் வியர்க்கிறது.

முதலில் வியர்ப்பது அலுமினியச் சட்டம். சுவருக்குள் நிரப்பும் நுரைப்பலகையின் வெப்பக்கடத்துதிறனோடு ஒப்பிட்டால் அலுமினியத்தினுடையது ஐயாயிரம் மடங்கு. எத்தனை தடிமனாக நுரை வைத்தாலும், ஊடே ஓடும் சட்டத்தின் வழியாக உள்வெப்பம் சாவகாசமாக வெளியே நடந்து போகும். காலையில் சுவரைப் பார்த்தால் சட்டம் எங்கே ஓடுகிறதென்று ஈரக்கோடுகளாலேயே தெரியும். சட்டத்தின்மேல் மூன்று மி.மீ. தக்கை அல்லது நுரைநாடா ஒட்டிவிட்டுப் பிறகு உட்பலகையைப் பொருத்துவது, இன்னொரு அங்குலம் நுரை சேர்ப்பதைவிடப் பயன் தரும்.

இரண்டாவது, கூரை. பாலைநிலத்து இரவில் மேகம் இராது. கூரைத்தகடு வானத்தை நோக்கி அகச்சிவப்புக் கதிராக வெப்பத்தை இழந்துகொண்டே இருக்கும். எதிரே திருப்பி அனுப்ப மேகமில்லை. ஆகவே தகடு சுற்றுக்காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகக் குளிர்கிறது. நிறுத்திய கார்களின் கூரையில் மட்டும் விடியலில் பனி பூத்திருப்பது இதனால்தான்.

மூன்றாவது துணிச்சுவர். இங்கே ஒரு கணக்கு அழகாக வருகிறது. உள்ளே 15 டிகிரி, ஈரப்பதம் 60 சதவீதம், வெளியே பூஜ்யம். இந்தக் காற்று 7 டிகிரிக்குக் கீழான பரப்பைத் தொட்டால் நீர் கக்கும். ஒற்றைத் துணிக்கு வெப்பத்தைத் தடுக்கும் ஆற்றல் கிட்டத்தட்டக் கிடையாது. இரு பக்கமும் ஒட்டியிருக்கும் மெல்லிய காற்றுப்படலம் தடுப்பதுதான். அந்தக் கணக்கில் துணியின் உட்பரப்பு 3, 4 டிகிரியில் நிற்கும். வியர்க்கும். இப்போது ஓரிரு அங்குல இடைவெளி விட்டு உள்ளே இன்னொரு துணியை மாட்டுங்கள். இடையில் சிக்கிய அசையாக் காற்று தடுப்பை ஏறத்தாழ இருமடங்காக்குகிறது. உள்துணியின் பரப்பு 9 டிகிரிக்கு ஏறுகிறது. ஏழைத் தாண்டிவிட்டது, வியர்க்காது. குளிர்காலத்துக்கென விற்கும் உள்திரைகள் வேலை செய்வது இப்படித்தான். துணியின் தடிமனுக்கு இதில் பெரிய பங்கில்லை. ஆனால் திரையின் ஓரங்கள் திறந்திருந்தால் ஈரக்காற்று பின்னால் புகுந்து வெளித்துணியில் ரகசியமாக வியர்க்கும். மடித்த கூரைக்குள் ஈரத்துணி இரண்டு நாள் கிடந்தால் பூஞ்சைக்கு வேறென்ன வேண்டும்?

மிகவும் ஏமாற்றுகிற இடம் மெத்தையின் அடி. உடம்பின் ஈரம் நுரைமெத்தைக்குள் கீழ்நோக்கிப் பரவுகிறது. மேற்பக்கம் உடம்புச் சூடு. அடிப்பலகைக்குக் கீழே, ஓட்டுநர் அறைக் கூரைக்கு மேலாக, குளிர்காற்று. எங்கேயோ நடுவழியில் ஆவி நீராகிறது. மெத்தையின் மேல் கை வைத்தால் உலர்ந்திருக்கும். புரட்டினால் கறுப்புப் புள்ளிகள். பலகையில் துளைகள் போட்டாலும் போதாது. மெத்தைக்கும் பலகைக்கும் இடையே காற்று பக்கவாட்டில் ஓட ஒரு விரற்கடை இடைவெளி வேண்டும்: மரச்சட்டங்களோ, நாரிழைப் பின்னல் விரிப்போ.

இவை எல்லாம் ஆவி எங்கே படியவேண்டும் என்பதை மாற்றுகிற வேலைகள். ஆவியை வெளியே அனுப்பும் வழி ஒன்றே ஒன்று: குளிர் இரவில் சன்னலைத் திறந்து வைப்பது. கேட்பதற்குப் பைத்தியக்காரத்தனமாக இருக்கும். எவ்வளவு செலவாகிறது என்று பார்ப்போம். பூஜ்ய டிகிரியில், 80 சதவீத ஈரப்பதத்தில் வெளிக்காற்றின் ஒரு கன மீட்டரில் 4 கிராம் ஆவிகூட இல்லை. உள்ளே 15 டிகிரி, 60 சதவீதம் என்றால் 7.7 கிராம். ஒவ்வொரு கன மீட்டர் மாற்றத்திலும் 3.8 கிராம் வெளியேறுகிறது. மணிக்கு 60 கிராம் வெளியேற 16 கன மீட்டர் போதும். அவ்வளவு காற்றைப் பூஜ்யத்திலிருந்து பதினைந்துக்குச் சூடாக்க 80 வாட்டைச் சற்றே தாண்டும். தூங்கும் மனிதர் ஒருவரின் உடல் வெளியிடும் வெப்பம் அந்த அளவுக்கு வந்துவிடுகிறது! தாழ்வாக ஒரு திறப்பு, கூரையில் மெதுவாகச் சுழலும் விசிறி, இவ்வளவுதான் தேவை. ஈரப்பதம் 60 சதவீதத்தில் நின்றுவிட்டால் மேற்சொன்ன சட்டமும் கூரையும் திரையும் தத்தம் வேலையைச் செய்து கொள்ளும். அதோடு, இருவரும் மூச்சில் விடும் கார்பன் டை ஆக்ஸைடும் வெளியேறும். முற்றும் அடைத்த பத்துக் கன மீட்டரில் அது மணிக்குப் பத்து லட்சத்துக்கு இரண்டாயிரத்துச் சொச்சம் பங்கு கூடிக்கொண்டே போகும்.

அடைத்த சிறு அறையின் காற்றில் மூச்சைத் தவிர வேறொன்றும் சேர்கிறது. 2005இல் கத்ரீனா சூறாவளியில் வீடிழந்தவர்களை அமெரிக்க அரசு டிரெய்லர் வீடுகளில் குடிவைத்தது. கண் எரிச்சல், மூச்சுத்திணறல் என்று புகார்கள் கிளம்பின. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 519 டிரெய்லர்களைச் சோதித்து 2008இல் முடிவை வெளியிட்டது. காற்றில் ஃபார்மால்டிஹைடு சராசரியாக நூறு கோடிக்கு 77 பங்கு. ஒன்றில் 590 வரை. பிளைவுட், துகள்பலகை ஆகியவற்றின் பசையிலிருந்து கசிந்தது அது. வீட்டிலும் இதே பலகைகள்தான் இருக்கின்றன. ஆனால் அங்கே காற்று நிறைய, பலகைப் பரப்பு அதற்கு ஈடாகக் குறைவு. டிரெய்லரில் விகிதம் தலைகீழ், கேம்ப்பரில் இன்னும் மோசம். 2010இல் இந்தப் பலகைகளுக்கு நாடு தழுவிய வரம்பு வைத்துச் சட்டமே வந்தது. கூட்டுக்குள் போகும் பலகையில் அந்த வரம்புக்கு உட்பட்டதென்ற முத்திரையைப் பார்த்து வாங்குவதும், அறுத்த விளிம்புகளை வார்னிஷ் பூசி அடைப்பதும் வீண்செலவல்ல.

அடுப்புக்கு வருவோம். அமெரிக்கக் கேம்ப்பர்களில் எரிவது புரொப்பேன். நம் வீட்டுச் சிலிண்டரில் பியூட்டேனும் கலந்திருக்கிறது. பியூட்டேன் பூஜ்யத்தை ஒட்டிய குளிரிலேயே ஆவியாக மறுத்துவிடும். புரொப்பேனின் கொதிநிலை மைனஸ் 42, ஆகவே மலையிரவிலும் அடுப்பு எரியும். ஒரு கிலோ புரொப்பேன் எரிந்தால் 1.6 கிலோ நீர் பிறக்கிறது. அடுப்பைக் கொளுத்திக் குளிர் காய்பவர்கள் உண்மையில் சுவர்களுக்குத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். அதனால்தான் கேம்ப்பர் சூடேற்றியில் எரிவதற்கான காற்று வெளியிலிருந்து வந்து, புகையும் வெளியே போய், வெப்பம் மட்டும் உலோகச் சுவரின் வழியாக உள்ளே வரும்படி அமைத்திருக்கிறார்கள். புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் தரையில் குளம்போல் தேங்கும். காற்றில் இரண்டு சதவீதம் சேர்ந்தாலே தீப்பிடிக்கும். ஆகவே சிலிண்டர் அறை உட்புறம் முற்றும் அடைபட்டு, அடியில் வெளியே திறக்கும் துளையோடு இருக்கவேண்டும். கசிவுமானியைத் தரையருகே மாட்டவேண்டும். கார்பன் மோனாக்ஸைடு காற்றோடு ஏறத்தாழ சம எடை, எங்கும் கலக்கும். அதன் மானி படுக்கையருகே, மூச்சு விடும் உயரத்தில்.

மின்சாரத்தைப் பற்றி அதிகம் பேசத் தேவையில்லை. இப்போது அது எளிதாகிவிட்டது. முன்பு கேம்ப்பர்களில் இருந்தது வாயுச் சுடரால் குளிரவைக்கும் குளிர்பெட்டி. ஸ்வீடனில் பால்ட்சார் ஃபான் பிளாட்டன், கார்ல் முன்டெர்ஸ் என்ற இரு மாணவர்கள் 1922இல் கண்டது. நகரும் உறுப்பே இல்லை. அமோனியாக் கரைசல் புவியீர்ப்பால் வழிந்து சுற்றுகிறது. அந்த நேர்த்திதான் அதன் பலவீனமும்: சரிவில் நிறுத்தினால் கரைசல் தேங்கிக் குளிர்ச்சி நின்றுவிடும். பாறைப்பாதை வண்டிக்குச் சாய்ந்து நிற்பது வழக்கம். 12 வோல்ட் கம்ப்ரசர் பெட்டிகள் சாய்வைப் பொருட்படுத்துவதில்லை. நாளொன்றுக்கு 400, 500 வாட்-மணி கேட்கும். நூறு ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி 1280 வாட்-மணி தருகிறது. அதே அளவுள்ள ஈயப் பேட்டரியின் எடையில் பாதிகூட இல்லை. ஈயத்தில் பாதிக்குமேல் இறக்கினால் ஆயுள் குறையும் என்பதையும் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் பெரிது. இந்த வேதியியல் 1997இல் டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் அக்ஷய பாதி, நஞ்சுண்டஸ்வாமி ஆகியோர் ஜான் குடெனஃபுடன் சேர்ந்து வெளியிட்டது. குடெனஃபுக்கு 2019இல் நோபல் கிடைத்தது. ஒரு கட்டுப்பாடு: பூஜ்ய டிகிரிக்குக் கீழே இதற்குச் சார்ஜ் ஏற்றக்கூடாது. குளிரில் லித்தியம் அயனிகள் கிராஃபைட்டுக்குள் நுழையத் தாமதித்து, அதன் முகத்திலேயே உலோகமாகப் படிந்துவிடும். அது திரும்பாத சேதம். ஆகவே பேட்டரியும் மனிதரோடு சேர்ந்து உள்ளேதான் தூங்கவேண்டும்.

ஒயர் தடிமனில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். நூறு வாட் கருவிக்கு 230 வோல்ட்டில் அரை ஆம்பியர் போதும். 12 வோல்ட்டில் எட்டு ஆம்பியருக்கு மேல். இரண்டரைச் சதுர மி.மீ. செம்புக்கம்பியில் ஐந்து மீட்டர் போய்த் திரும்பினால் அரை வோல்ட் வழியிலேயே கரைகிறது. 230இல் அது கண்ணுக்குத் தெரியாது, பன்னிரண்டில் ஐந்து சதவீதம். ஃபியூஸ் கருவியின் அருகில் அல்ல, பேட்டரியின் அருகில், காக்கவேண்டியது கம்பியை.

எல்லாம் முடிந்து, தொட்டியில் நீரும் பெட்டிகளில் சாமானும் நிரப்பி, ஆட்களும் ஏறியபின் போகவேண்டிய இடம் நெடுஞ்சாலை ஓரத்து லாரி நிறுத்தம். அமெரிக்கா முழுக்க அங்கே கேட் ஸ்கேல் எடைமேடைகள் இருக்கின்றன. சரக்கு லாரிகளுக்கானவை, சிறு கட்டணம் கொடுத்தால் பிக்கப்பையும் எடை போட்டு, முன் அச்சு, பின் அச்சு என்று தனித்தனியே சீட்டில் அச்சிட்டுத் தருவார்கள். கூடு ஏற்றுவதற்குமுன் ஒரு முறை, எல்லாம் முடிந்தபின் ஒரு முறை. இரண்டு சீட்டுகளையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் கூடிய எடை மஞ்சள் ஒட்டுத்தாளின் வரம்புக்குள் நிற்கிறதா என்று தெரியும். முன் அச்சின் எண்ணையும் கவனிக்கவேண்டும். அது கொஞ்சமாவது கூடியிருந்தால் பாரம் சரியான பக்கம் உட்கார்ந்திருக்கிறது. குறைந்திருந்தால் திருகுகளைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியை முன்னால் நகர்த்துவதைத் தவிர வேறு வழியில்லை.